தரையில் கிடப்பதெல்லாம் குப்பை

ஜனவரி 9

என்னங்க,

நான் நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீங்கள் நலமா என்று கேட்கிற அளவுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்: நலமா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பீர்கள். நாம் போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை. நான் பேச ஆரம்பிக்கும் முன்னாலேயே நீங்கள் பதில் சொல்லிவிடுகிறீர்கள். காகிதத்தில் எழுதினால் குறுக்கே பேச முடியாது இல்லையா? அதனால் உயிர் போகிற காரியம் என்றால் மட்டும் போன். மற்றதெல்லாம் கடிதம். பெட்டிக்கடையில் ஒரு கட்டுக் காகிதமே வாங்கிவிட்டேன்.

கட்டடத்தைப் பற்றிச் சொல்கிறேன். முப்பத்திநாலு மாடி, முழுக்கக் கண்ணாடி. அண்ணாந்து பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. ஆனால் அது நிற்கிற தெரு நம் தெருவை விடக் குறுகல். இந்தப் பக்கம் ஜெராக்ஸ் கடை வரிசை, அந்தப் பக்கம் குடையும் பெல்ட்டும் விற்கிறவர்கள், நடுவில் ஆகாசத்தை முட்டிக்கொண்டு இது. காலை எட்டரைக்கு மேல் நாலாயிரம் பேர் உள்ளே போகிறார்கள். அவர்கள் வருவதற்குள் நாங்கள் துடைத்து முடித்திருக்க வேண்டும். அதற்கு மேல் மாடி மாடியாகப் போய்ச் சரிபார்க்க வேண்டும். ஐந்தரைக்கு ஆரம்பித்து இரண்டு மணிக்கு முடிகிறது என் வேலை. என் கீழ் இருபத்திரண்டு பெண்கள். சீருடையில் "சூப்பர்வைசர்" என்று தைத்திருக்கிறது. ஆஸ்பத்திரி துணி ஸ்டோரில் பதினோரு வருஷம் இருந்தேனே, அங்கே யாரும் எனக்கு எதையும் தைத்துத் தரவில்லை.

ஆஸ்பத்திரியை மூடின பிறகு, ஏஜென்சிக்காரர்கள் இந்த வேலைக்கான உத்தரவைக் கொண்டுவந்து கொடுத்த அன்றைக்கு, தெருவே நின்றுகொண்டிருக்க, "முப்பத்திநாலு மாடி கக்கூஸுக்கு மேனேஜரா?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டேன். அதை மட்டும் எழுதிவிட்டு மேலே போகிறேன், இல்லாவிட்டால் நெஞ்சிலேயே நிற்கும்.

மூன்று மாதம் தற்காலிகம். மார்ச் கடைசியில் வேலை உறுதியா இல்லையா என்று சொல்வார்கள். கேஸ் சிலிண்டர் மாற்றும்போது வாஷரைப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


ஜனவரி 19

மகாராணிக்கு,

கடிதம் கிடைத்தது. தபால்காரர் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தி, "என்ன அண்ணே, கோர்ட்டு நோட்டீஸா?" என்று கேட்டுவிட்டுக் கொடுத்தார். நம் கடைக்கு வேறு என்ன வரும்!

நான் நலம்தான். எனக்கு என்ன? சோறு ஒரு நாள் குழைகிறது, ஒரு நாள் விறைக்கிறது. நடுவில் ஒன்று எப்படி வரவழைக்கிறாய் என்று தெரியவில்லை. வாஷரைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. கடையில் ரிப்பேருக்கு மின்விசிறி ஆறு, இஸ்திரிப் பெட்டி நாலு நிற்கின்றன. மகள் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினாள். "அம்மா பேசுறாங்களாப்பா?" என்றாள். "எழுதுறாங்க"ன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்கு நாம் இரண்டு பேரும் சினிமா.

அன்றைக்குச் சொன்னது ஒரு வேடிக்கைப் பேச்சு. வாய் தவறி வந்தது. அதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டுமா? என் வருமானத்தில் உனக்கு என்ன குறை வைத்தேன்?

தெருவில் எல்லாரும் உன்னை விசாரிக்கிறார்கள். ஏதோ சொல்லிச் சமாளிக்கிறேன். குளிர் அடித்தால் காதைக் கட்டிக்கொள்.

உன் வீட்டுக்காரன்


பிப்ரவரி 3

என்னங்க,

"ஏதோ சொல்லிச் சமாளிக்கிறேன்" என்று எழுதினீர்களே, அந்த ஏதோ என்ன என்று இன்றைக்குத் தெரிந்துவிட்டது.

என் அக்கா போன் பண்ணினாள். நம் எதிர்வீட்டு டீச்சர் அவளுக்குப் போன் பண்ணி, "ஆபரேஷன் எல்லாம் நல்லா முடிஞ்சுதா? தங்கச்சி வந்து பாத்துக்கிறாங்களாமே, குடுத்து வச்சவங்க நீங்க" என்று உருகியிருக்கிறார். அக்கா அப்போது மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாளாம்! "எனக்கு என்னடி ஆபரேஷன்? எனக்கே சொல்லாம எப்பப் பண்ணாங்க?" என்று என்னிடம் கேட்கிறாள். சிறுநீரகத்தில் கல்லாம். இடது பக்கமாம். எவ்வளவு விவரம்! கல் எத்தனை கிராம் என்று சொல்லாமல் விட்டீர்களே.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் படுக்கையில் உட்கார்ந்து அழுதேன். ஏன் என்று உங்களுக்குப் புரிய வேண்டும். பெண்டாட்டி வேலைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்ல உங்களுக்கு வெட்கம். நன்றாக இருக்கிற என் அக்காவைப் படுக்கையில் போட்டாவது அந்த வெட்கத்தை மூட வேண்டியிருக்கிறது.

நான் இங்கே என்ன செய்கிறேன் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆறாம் மாடி வக்கீல்கள், பதினொன்றில் காப்பீட்டுக் கம்பெனி, இருபத்தேழில் கட்டட வரைபடம் போடுகிற ஆபீஸ். ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு வழக்கம். புதிதாக வருகிற பெண்களுக்கு நான் முதல் நாள் சொல்லிக் கொடுப்பது ஒன்றே ஒன்றுதான்: மேசைமேல் இருப்பதைத் தொடாதே, தரையில் கிடப்பதை விடாதே. மேசைமேல் கசங்கிய துண்டுச் சீட்டு இருந்தாலும் அது ஃபைல். தரையில் கிடப்பதெல்லாம் குப்பை. படிக்கத் தெரியாத பெண்ணுக்கும் இது புரியும். இந்தச் சட்டம் நான் போட்டது. மேனேஜர் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கே, எல்லா ஷிஃப்டுக்கும் இதையே சொல்லுங்க" என்றார்.

இப்போது நேராகச் சொல்கிறேன். நான் எங்கே இருக்கிறேன், என்ன வேலை பார்க்கிறேன் என்று உங்கள் வாயால் தெருவில் சொல்லுங்கள். சொல்லும் வரை நான் ஒரு நாள் லீவுக்குக்கூட வீட்டுக்கு வரமாட்டேன். இது கோபத்தில் எழுதியது இல்லை. காலையில் எழுதி, சாயங்காலம் திரும்பப் படித்துவிட்டுத்தான் ஒட்டுகிறேன்.

வீட்டுக்காரி

பி.கு. எங்கள் வாக்குவம் மெஷின் இரண்டு கருகின வாசனை அடித்து நின்றுவிட்டன. என்னவாக இருக்கும்?


பிப்ரவரி 14

அன்புள்ள உனக்கு,

மெஷின் விஷயம் முதலில். கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். மோட்டாரின் இரண்டு பக்கமும் விரல் நுனி அளவில் கறுப்பாக இருக்கும். எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல். ஒன்றை மட்டும் மாற்றினால் ஒரே வாரத்தில் மறுபடி நிற்கும்.

அடுத்தது, உன் அக்கா. அவர்கள் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார்கள். அதற்கு மேல் எதையும் சேர்க்கவில்லை, சத்தியமாக.

நீ கேட்டதைச் செய்ய எனக்கு வாய் வரவில்லை. முடிதிருத்தும் கடையில் போய் உட்கார்ந்தாலே நாலு பேர். அன்றைக்கு அந்தக் கக்கூஸ் பேச்சைப் பேசி அவர்களைச் சிரிக்க வைத்தவனே நான்தான். இப்போது அதே வாயால் எப்படிச் சொல்வேன்? ஒரு தடவை சிரித்தவர்கள் விடுவார்களா? ஆயுசுக்கும் ஓட்டுவார்கள். உனக்கு அங்கே யாரையும் தெரியாது. நான் இந்த மூஞ்சிகளைத் தினமும் பார்த்தாக வேண்டும்.

மார்ச் வரை இரு. ஆசைக்குப் பார்த்தாயிற்று என்று வைத்துக்கொண்டு, அவர்கள் உறுதி செய்யும் முன்னால் நீயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடு. இங்கே யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். வீடு வீடாக இல்லை. ராத்திரிக்கு ரேடியோவைப் போட்டுவிட்டுத்தான் சாப்பிடுகிறேன்.

உன்
வீட்டுக்காரன்


மார்ச் 11

என்னங்க,

உங்கள் கார்பன் பிரஷ் யோசனை பலித்தது. அதற்கு நன்றி. இனி எழுதப்போவது நல்ல செய்தி இல்லை.

என் பெண்களில் ஒருத்திக்கு எக்ஸ்பிரஸ் என்று பேர். மற்றவர்கள் ஒரு மாடி முடிப்பதற்குள் அவள் இரண்டு முடிப்பாள். திங்கட்கிழமை இருபத்தேழாம் மாடி அவளுடையது. அந்த வரைபட ஆபீஸில், பெரிய படமாக வைத்துப் பார்க்க மேசை போதாமல், நாற்பது தாளைத் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மூன்று மாத வேலை, எல்லாம் கையால் குறிப்பு எழுதியது. எக்ஸ்பிரஸ் கதவைத் திறந்தாள், பார்த்தாள். தரையில் கிடப்பதெல்லாம் குப்பை. பத்தே நிமிஷத்தில் சுருட்டிக் கறுப்புப் பையில் போட்டுக் கீழே அனுப்பிவிட்டாள். தரையைப் பளபளவென்று துடைத்தும் வைத்திருக்கிறாள்!

எட்டு மணிக்கு மேலே சத்தம். நான் ஓடினேன். அந்த ஆபீஸின் தலைமைப் பெண்மணி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். திட்டக்கூட இல்லை. அதுதான் தாங்கவில்லை.

பேஸ்மென்டுக்குப் போனேன். பழைய காகிதத்தை அங்கே ஒரு மெஷினில் போட்டு அமுக்கிக் கம்பியால் கட்டிவிடுவார்கள். கட்டியாகிவிட்டது. கம்பியை வெட்டச் சொல்லி, தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். முப்பத்தியொன்று கிடைத்தது. ஒன்பது கிழிந்து கூழ். கிடைத்தவையும் கசங்கிச் சுருண்டிருந்தன. சீருடை அறையில் இஸ்திரிப் பெட்டி உண்டு. குறைந்த சூட்டில், மேலே ஒரு ஈரமில்லாத துணியைப் போட்டு, ஓரத்திலிருந்து நடுவுக்குத் தேய்த்தேன். ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிற துணியைத் தேய்க்கிற மாதிரி. பென்சில் கலையவில்லை. மத்தியானம் வரை அதேதான்.

மேனேஜர் எக்ஸ்பிரஸை நிறுத்திவிடச் சொன்னார். அவளுக்கு மூன்று குழந்தைகள். அழக்கூடப் பயந்துபோய் நின்றாள். நான் சொன்னேன்: "சார், அவ சொன்னதைத்தான் செஞ்சா. சொல்லிக் குடுத்தது நான். தப்பு என்னுது." எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன். மாசக் கடைசியில் என் வேலையைப் பற்றி முடிவு சொல்லும்போது அந்தத் தாளும் மேசையில் இருக்கும்.

போய்விடும் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு இந்த வேலை வேண்டும். காலையில் முப்பத்திநாலாவது மாடியில் விளக்கு எரிகிறதா என்று பார்க்க நான்தான் முதலில் ஏறுவேன். அந்த நேரத்தில் ஊரே எனக்குக் கீழே இருக்கும். கொடியில் துணி, மாடித் தொட்டி, யாரோ பல் விளக்குவது எல்லாம் தெரியும். இரண்டு நிமிஷம் நின்று பார்ப்பேன். அதை விட மனசில்லை.

போய்விட்டால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். இருக்கட்டும். ஆனால் "நான் அப்பவே சொன்னேன்" என்று மட்டும் எழுதாதீர்கள்.

வீட்டுக்காரி


மார்ச் 17

அன்புள்ள உனக்கு,

உன்னிடம் மறைக்க மாட்டேன். படித்தவுடன் சந்தோஷம்தான் வந்தது. சரி, வந்துவிடுவாள் என்று நினைத்தேன். அலமாரியில் உன் பக்கத்தைக்கூட ஒழித்து வைத்தேன். அப்புறம் சாப்பிட உட்கார்ந்தேன், இறங்கவில்லை. எழுந்து மறுபடி படித்தேன்.

இருபத்தாறு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். ரிப்பேருக்கு வந்த எத்தனையோ சாமானை நானே கெடுத்திருக்கிறேன். ஒரு தடவையாவது "நான்தான் கெடுத்தேன்" என்று யாரிடமாவது சொல்லியிருக்கிறேனா? "இதுக்கு முன்னாடி பாத்தவன் சொதப்பியிருக்கான்" என்பேன். "பார்ட்ஸே போலி" என்பேன். நீ உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருப்பாய், ஒன்றும் சொல்ல மாட்டாய். மூன்று பிள்ளைக்காரி ஒருத்திக்காக, வேலை போகும் என்று தெரிந்தே, தப்பு என்னுது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். எனக்கு அந்தத் தெம்பு கிடையாது. இதை எழுதவே கை கூசுகிறது.

அந்தச் சட்டத்தில் ஒன்றும் தப்பில்லை. தாளைத் தரையில் போட்டவர்கள் "எடுக்காதே" என்று ஒரு வார்த்தை எழுதி வைத்திருக்கலாம்.

என்ன முடிவானது என்று உடனே எழுது. போகக் கூடாது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

உன்
வீட்டுக்காரன்


ஏப்ரல் 2

அன்புள்ள உனக்கு,

பதினாறு நாளாகிறது, ஒரு வரி இல்லை. தபால்காரரை நான் தெருமுனையிலேயே மறிக்கிறேன். "அண்ணே, வந்தா நான் குடுக்க மாட்டேனா?" என்று அலுத்துக்கொள்கிறார்.

போன் பண்ணலாம் என்று நாலு தடவை எடுத்தேன். மூன்றாவது நிமிஷத்தை நினைத்து வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முடிவெட்டப் போனேன். நாற்காலியில் நான், பெஞ்சில் டீச்சர் வீட்டுக்காரர், காய்கறிக்காரர், இன்னும் இரண்டு பேர். கழுத்தில் துணி கட்டியாயிற்று, எழுந்து ஓட முடியாது. அதுதான் சரியான நேரம் என்று ஆரம்பித்தேன்.

"என் வீட்டுக்காரி அக்காவைப் பாக்கப் போகல. வேலைக்குப் போயிருக்கா. முப்பத்திநாலு மாடி ஆபீஸ் கட்டடம். ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். இருபத்திரண்டு பேரு அவளுக்குக் கீழ."

கத்தரி நின்றது. காய்கறிக்காரர் கேட்டார்: "அப்ப அந்தச் சிறுநீரகக் கல்லு?"

"கல்லும் இல்ல, மண்ணும் இல்ல. நான் விட்ட புளுகு."

முடிதிருத்துகிறவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொல்கிறார்: "அது எங்களுக்கு பிப்ரவரியிலயே தெரியும்ணே. டீச்சரம்மா போன் பண்ணப்பவே அந்தக்கா தொட்டி கழுவிட்டு இருந்தாங்களாமே. நீங்களா என்னைக்குச் சொல்வீங்கன்னு நாங்க பந்தயம் கட்டியிருக்கோம்."

எனக்கு மானம் போய்விட்டது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் வீட்டுக்காரர் மட்டும், "அன்னைக்கு நீங்க கக்கூஸ்னு சொன்னப்ப நாங்க சிரிச்சோம்ல, அது தப்பு. தங்கச்சி முகத்தை நான் பாத்தேன்" என்றார். அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்றவன் நான். தெருக்காரர் பார்த்திருக்கிறார்.

கடிதம் போடு. திட்டியாவது போடு. வெள்ளிக்கிழமைக்குள் வரவில்லை என்றால் நானே வருவேன்.

உன்
வீட்டுக்காரன்


ஏப்ரல் 9, உன் கட்டடத்தின் கீழ்த்தளம், காலை 10:20

அன்புள்ள உனக்கு,

வந்துவிட்டேன். கடைக் கதவில் "பத்து நாள் லீவு, மனைவியைப் பார்க்கப் போகிறேன்" என்று எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.

வாசலில் ஒரு பெண் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளைத் தாண்டி ஈகூட போக முடியாது போலிருக்கிறது. பார்வையாளர் புத்தகத்தை நீட்டினாள்.

"எந்தக் கம்பெனி சார்?"

"கம்பெனி இல்லம்மா, பொண்டாட்டி. ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர்."

"எந்த மாடி?"

"எல்லா மாடியும்."

அவளுக்குச் சிரிப்பு. "வந்த காரியம்" என்ற கட்டத்தில் மன்னிப்பு என்று எழுதினேன். அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள்: "சார், கம்ப்யூட்டர்ல டெலிவரி, மீட்டிங், இன்டர்வியூ இந்த மூணுதான் இருக்கு."

"இன்டர்வியூனே போட்டுக்கம்மா. தேறுவேனான்னுதான் தெரியல" என்றேன்.

நீ மேலே ஏதோ ஒரு மாடியில் இருக்கிறாயாம். காவலர் ஒருவர் இந்தத் தாளையும் எனக்குக் கொடுத்த சீட்டையும் கொண்டுவந்து உன்னிடம் தருவார். சீட்டில் நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் என்னைத் திரும்ப வெளியே விடுவார்களாம். புத்தகத்தில் உன் வேலை என்ன, நீ எனக்கு என்ன உறவு என்று இரண்டையும் என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

உன்னைத் திரும்பி வா என்று கேட்க வரவில்லை. வேலை போயிருந்தால் கூட இருக்க வந்தேன். இருந்தால் பார்த்துவிட்டுப் போக வந்தேன். அன்றைக்குப் பேசியது வாய் தவறி வந்ததில்லை. நீ என்னை விட்டுப் போய்விடுவாயோ என்று பயந்து பேசினேன். மன்னித்துவிடு.

தரை பளபளவென்று இருக்கிறது. கால் வைக்கவே கூச்சமாக இருக்கிறது.

உன்
வீட்டுக்காரன்


அதே தாளின் பின்பக்கம், 10:45, பத்தொன்பதாம் மாடி

என்னங்க,

வேலை உறுதியாகிவிட்டது. உத்தரவு மார்ச் இருபத்தெட்டாம் தேதியே வந்தது. இருபத்தேழாம் மாடி அம்மாவே மேனேஜரிடம் போய் எனக்காகப் பேசியிருக்கிறார். எக்ஸ்பிரஸும் இருக்கிறாள். இப்போது தரையில் எதையாவது வைத்துவிட்டுப் போகிறவர்கள் சிவப்பு அட்டை வைக்க வேண்டும் என்று எல்லா ஆபீஸுக்கும் சொல்லியாயிற்று.

உங்களுக்கு எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். வேலை போயிருந்தால் அன்றைக்கே எழுதியிருப்பேன். கிடைத்ததை எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை. "சரி, அங்கேயே இரு" என்று ஒரே வரியில் பதில் வந்துவிடுமோ என்று பயம். முடிவெட்டுக் கடைக் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. படித்துவிட்டு, ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில்காரி எழுந்து வந்து கேட்கிற அளவுக்கு அழுதேன்.

உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்த காவலர் என் முகத்தைப் பார்த்துவிட்டு லிஃப்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நானே இறங்கி ஓடி வந்திருப்பேன். ஆனால் இன்றைக்கு எனக்கு ஐந்து மாடி சரிபார்க்கப் பாக்கி, வேலையைப் பாதியில் விடுகிறவள் இல்லை நான்.

சீட்டு பத்திரமாக என்னிடம் இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை. அது இல்லாமல் உங்களால் வாசலைத் தாண்ட முடியாது. இரண்டு மணிக்கு வருவேன், அதுவரை அங்கேயே உட்காருங்கள். அப்புறமும் கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்று நேரில் பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள்
வீட்டுக்காரி